இருபது பாகை என்று எழுதிய காலை

கமியோனுக்கு, அதாவது எங்கள் வேலை லொறிக்கு, புது இயந்திரம் வந்திருக்கிறது என்று என்னோடு வேலை செய்த சிவம் சொன்னான். ரூ லூயி-பிளாங்கில் நாங்கள் வழக்கமாகச் சந்திக்கும் தேநீர்க்கடையில், ரோல்ஸைப் பிய்த்து வாயில் போட்டபடியே சொன்னான். பீப்பாய்களின் வெப்பநிலையை அதுவே அளந்து, அதுவே எழுதி, அதுவே நிறுவனக் கந்தோருக்கு அனுப்பிவிடுமாம். கையால் படிவம் நிரப்புகிற வேலை இனி இல்லையாம்.

"இனி ஒருதரும் இருபது எண்டு எழுதேலாது, அண்ணை," என்றான்.

சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தான். முகத்தில் சிரிப்பே இல்லை. சிரிக்காமல் நையாண்டி பண்ணுவதில் அவன் கெட்டிக்காரன். அவனுடன் வேலை செய்கிற இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். அது என்ன இருபது என்று கேட்டார்கள். "அண்ணையைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சீனி கூடிப்போச்சு என்று ஏதோ கதையை மாற்றினேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகிறது. என்னை வேலையால் நிற்பாட்ட இனி யாராலும் முடியாது. எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது.

நான் இந்த வேலைக்கு வந்தது 2009இல். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. அதற்கு முன் பல வருடம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு வெங்காயம் உரித்து, பிறகு சூப் கிண்டி, உணவகம் கைமாறியபோது புது முதலாளிக்கு என் முகம் பிடிக்காமல் வெளியே வந்தேன். வீடுகளுக்குக் குளிர்காப்புச் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் குழாய் இழுக்க ஆள் தேவை என்று ஒருவர் கூட்டிக்கொண்டு போய் விட்டார். இரண்டு வருடம் குழாய் இழுத்தேன். பிறகு ஒரு வாரப் பயிற்சி, ஒரு அட்டை, கையில் நுரை அடிக்கிற துப்பாக்கி. என் படிப்பெல்லாம் அவ்வளவுதான்.

வேலை இதுதான். பழைய வீடுகளில் ஓட்டுக்கூரைக்கும் அறைகளின் உட்கூரைக்கும் நடுவில் ஆள் குனிந்து நடக்கக்கூடிய ஓர் இடம் இருக்கும். பிரெஞ்சில் கொம்பிள் என்பார்கள். வீட்டைச் சூடாக்குகிற வெப்பத்தில் பெரும்பங்கு அந்த வழியாக வெளியே ஓடிவிடும். அந்த இடத்தின் தரையில், மரச்சட்டங்களுக்கு நடுவே நுரையை விசிறி நிரப்பிவிட்டால் வெப்பம் கீழேயே நிற்கும். நுரை இரண்டு திரவங்களிலிருந்து வருகிறது. இரண்டும் கமியோனுக்குள் வெவ்வேறு பீப்பாய்களில் இருக்கும். பம்பு இரண்டையும் சம அளவில் இழுத்து, சூடாக்கி, நீண்ட குழாய் வழியாக மேலே அனுப்பும். துப்பாக்கியின் வாயில்தான் இரண்டும் முதன்முதலாகச் சந்திக்கும். சந்தித்த இரண்டு மூன்று விநாடியில் பால் பொங்குவதுபோலப் பொங்கி, ஒரு நிமிடத்துக்குள் இறுகிவிடும். அதன்பிறகு அதைக் கையால் வெட்டித்தான் எடுக்கலாம்.

சொல்ல இலகுவாக இருக்கிறது. செய்யும்போது நூறு கண்டிப்பு. மரம் ஈரமாக இருக்கக்கூடாது. உட்கூரையில் பதித்த மின்விளக்குகளுக்கு மேலே பெட்டி கவிழ்த்து மூடவேண்டும். புகைபோக்கியைச் சுற்றி நுரை படாமல் இடைவெளி விடவேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக அடிக்காமல் படைபடையாக, ஒன்று ஆறியபிறகு அடுத்தது என்று அடிக்கவேண்டும். அடிக்கிற ஆள் வெளிக்காற்று வருகிற முகமூடி போட்டிருக்கவேண்டும். அடித்து முடித்து இருபத்துநாலு மணிநேரத்துக்கு வீட்டுக்குள் மனிதர் மட்டுமல்ல, பூனைகூட நுழையக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது பீப்பாய்ச் சூடு. இருபது பாகையளவில் இருக்கவேண்டும். குளிர்ந்திருந்தால் திரவம் தடித்து, பம்பு ஒன்றை நிறையவும் மற்றதைக் குறையவும் இழுக்கும். கலவை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பார்வைக்கு நுரை நுரையாகத்தான் இருக்கும். ஆனால் சேராமல் மிஞ்சிய திரவம் அதற்குள் கிடந்து மாதக்கணக்காக மணக்கும். என்ன மணம் என்றால், மீன் மணம்.

இதையெல்லாம் எனக்குள் ஏற்றியவர் அர்மோன். எங்கள் குழுவின் பொறுப்பாளர், வடக்குப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர், மெலிந்த ஆள். மத்தியானம் கமியோன் படியில் இருந்து இரண்டு அவித்த முட்டையை உப்புத் தொட்டுச் சாப்பிடுவார். பதினைந்து வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கேள்வி மட்டும் கேட்பார். கேள்விகளும் எண்களாகவே இருக்கும். மரத்தின் ஈரம் எவ்வளவு, சட்டத்துக்குச் சட்டம் எவ்வளவு, முதல் படை எத்தனை சென்ரிமீற்றர். "ஆ பூ ப்ரே" என்று, அதாவது கிட்டத்தட்ட என்று பதிலைத் தொடங்கினால், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். சரியான எண் வரும்வரைக்கும் கேட்பார். புதிதாக வந்த ஒரு பெடியன் ஒருநாள் நாலு தடவை கிட்டத்தட்ட சொல்லி, நாலு தடவை அதே கேள்வியை வாங்கி, ஐந்தாம் தடவை ஏணியில் ஏறி அளந்துகொண்டு வந்தான்.

காலையில் வேலை தொடங்குமுன் அவர் ஒரு சடங்கு வைத்திருந்தார். ஒரு அட்டைத்துண்டைத் தரையில் வைத்து அதன்மேல் ஒரு கைப்பிடி அளவு நுரை அடிப்பார். அது ஆறும்வரை ஒருவரும் பேசக்கூடாது என்றில்லை, ஆனால் ஒருவரும் பேசமாட்டோம். ஆறியதும் கத்தியால் நடுவே வெட்டுவார். வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பார்ப்பார். பெருவிரலால் அழுத்துவார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் நீண்ட மூச்சு. அந்த மூக்குக்காகவே சிகரெட்டை விட்டதாகச் சொல்வார்கள். தான் மணந்தபிறகு அடுத்த ஆளிடம் நீட்டுவார். குழாய் இழுப்பவன்வரை எல்லோரும் மணந்து பார்க்கவேண்டும். அதன்பிறகே படிவத்தில் எண்களை எழுதிக் கையெழுத்து வைப்பார்.

ஐந்தாம் வருடம் ஆனபோது அர்மோன் ஒரு கமியோனை என் பொறுப்பில் விட்டார். குழாய்க்குச் சிவம். ஊர்க்காரர் வீடு என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். அப்படித்தான் யோகனின் வீடு வந்தது.

யோகன் லூயி-பிளாங்கில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தவர். நான் அங்கே மரக்கறி வாங்குவேன், அந்தப் பழக்கம். மனைவி வசந்திக்கு ஒரு கந்தோரில் வேலை. ஒரே மகள் அனுஜா, ஏழு வயது. அந்தப் பிள்ளைக்கு இழுப்பு, ஆஸ்துமா. லா ஷபேலில் அவர்கள் இருந்த ஓரறை வீட்டின் சுவரெல்லாம் பூஞ்சணம். இந்த ஈரத்தில் பிள்ளையை வைத்திருக்காதீர்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடம் சேர்த்து லா கூர்னெவில் ஒரு பழைய தனிவீட்டை வாங்கினார்கள். காய்ந்த வீடு, சின்ன வளவு, ஆனால் கூரைக்குள் ஒன்றுமில்லை, மார்கழிக் குளிர் நேரே கட்டிலில் வந்து இறங்கும். நுரை அடிக்க எங்கள் நிறுவனத்துக்கு எழுதியபோதே என் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார்.

"எங்கட ஆள் செய்தால் மனதுக்கு ஒரு நிம்மதிதானே, அண்ணை," என்றார் கடையில் வைத்து.

மார்கழியில் வீடு புக முடியாது. தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் வைத்தார்கள். லா ஷபேல் வீட்டுத் திறப்பை அதே வெள்ளி பின்னேரம் வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடவேண்டும். நாங்கள் புதன்கிழமை நுரை அடிப்பதாக ஏற்பாடு. வியாழன் முழுக்க வீடு சும்மா கிடக்கும், வெள்ளி எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன் செய்த வேலை ஒரு நாள் இழுத்துவிட்டது. புதன் பின்னேரம்தான் யோகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். விளக்குகளுக்குப் பெட்டி கவிழ்த்து, புகைபோக்கியைச் சுற்றி மறித்து, ஆயத்த வேலை மட்டும் செய்யமுடிந்தது.

வசந்தி வேலை முடிந்து நேரே அங்கே வந்தா. வியாழக்கிழமைதான் அடிப்போம் என்று சொன்னேன்.

"அப்ப வெள்ளி காலமை உள்ளுக்கை வரேலாதோ, அண்ணை?"

"அடிச்சு முடிச்சு இருபத்துநாலு மணித்தியாலம். நாளைக்கு மத்தியானம் முடிஞ்சால் வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு வரலாம்."

"ஐயர் காலமை பத்து இருபதுக்கு நேரம் வைச்சுத் தந்திருக்கிறார். அதை விட்டால்…" என்று நிறுத்தினா.

அந்த வசனத்தை நான்தான் எனக்குள் முடித்தேன். அதை விட்டால் வேறு நேரம் இல்லை என்று. அவ அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எங்கள் சனத்துக்கு நல்ல நேரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? ஒரு பிரெஞ்சுக்காரன் என்றால் தோளைக் குலுக்கிவிட்டு முடியாது என்று சொல்லிப் போயிருப்பான். நான் அப்படிச் சொல்லலாமா? விரலை மடித்துக் கணக்குப் போட்டேன். வெள்ளி பத்து இருபதுக்கு அவர்கள் அடுப்பு மூட்டவேண்டும் என்றால் நான் வியாழன் பத்து மணிக்குள் அடித்து முடிக்கவேண்டும். அப்படியென்றால் ஆறரைக்குத் தொடங்கவேண்டும். களஞ்சியத்தில் இருந்து கமியோனை எடுத்துக்கொண்டு காலை நெரிசலில் வந்தால் ஆறரைக்கு நடவாது. கமியோனை இரவு அங்கேயே, வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் போனால் நடக்கும்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பத்து இருபதுக்குப் பால் பொங்கும்," என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

களஞ்சியத்தில் ஒவ்வொரு மாலையும் கமியோனை மின்சாரத்தில் செருகிவிடுவோம். பீப்பாய்களைச் சுற்றியிருக்கும் சூட்டுப்பட்டி இரவெல்லாம் வேலை செய்யும். யோகன் வீட்டுக்கு மின்சார இணைப்பு வெள்ளிக்கிழமைதான் வரும். கமியோனில் இருந்த ஜெனரேற்றரை இரவு முழுக்க ஓடவிட்டால் தெருவே எழும்பி வந்து அடிக்கும். ஒரு இரவுதானே, பீப்பாய் அவ்வளவு கெதியாக ஆறாது என்று நினைத்தேன். அர்மோனுக்குச் சொல்லவில்லை. அவருக்கு அந்த வாரம் வேறொரு இடத்தில் வேலை.

வியாழன் காலை கமியோன் கண்ணாடியில் உறைபனி. கதவைத் திறந்ததும் சிவம் பீப்பாயில் உள்ளங்கையை வைத்தான்.

"அண்ணை, இது ஐஸ் மாதிரி இருக்கு."

வெப்பமானியை உள்ளே விட்டேன். ஒன்பது காட்டியது. எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் விட்டேன். ஒன்பதுதான்.

"ஓட ஓடச் சூடாகும். குழாயைப் பிடி," என்றேன்.

குழாயில் சூடாக்கிதான் இருக்கிறதே, மேலே போய்ச் சேரும்போது சரியாகிவிடும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். அட்டையில் அடித்துப் பார்த்தேன். ஆறட்டும் என்று அரை நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. வெட்டி, பெருவிரலால் அழுத்தினேன். விரல் பதிந்தது, பதிந்த இடம் மெல்ல மெல்லத்தான் மேலே வந்தது. உடனே வந்திருக்கவேண்டும். மூக்கருகே கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் என்ன மணக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கொண்டுபோகவில்லை. சிவத்திடமும் நீட்டவில்லை. அட்டையைக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, படிவத்தில் பீப்பாய் வெப்பநிலை என்ற கட்டத்தில் 20 என்று எழுதினேன். எழுதும்போது சிவம் பக்கத்தில் நின்றான். குழாயை எடுத்துத் தோளில் போட்டான்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முடித்தோம். மேலே நின்று டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. வெண்ணெய் நிறத்தில் சட்டத்துக்குச் சட்டம் நிரம்பிக் கிடந்தது. நாளை 10.05 வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று வாசல்கதவில் தாள் ஒட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் ஒன்பதரைக்குப் போனேன். அவர்கள் எட்டு மணிக்கே உள்ளே வந்து கூட்டித் துடைத்து, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்திருந்தார்கள். ஒட்டிய தாள் கதவிலேயே இருந்தது. ஐயர் சொன்ன நேரத்துக்குச் சின்ன எரிவாயு அடுப்பில் புதுப் பானை ஏறியது. சொந்தக்காரர் பத்துப் பேர் சுற்றிநின்றார்கள். பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. அப்போது யோகனின் அக்கா மூக்கைச் சுளித்தா.

"ஆர் உது, வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் மீன் பொரிக்கிறது?"

எல்லோரும் பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். அது ஒரு போர்த்துக்கேயக் கிழவியின் வீடு. யோகனின் மச்சான் வேலியோரம் போய் மரியாதையாகக் கேட்டுவிட்டு வந்தார். கிழவி தான் இன்னும் கோப்பியே குடிக்கவில்லை என்றாவாம். அதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வசந்தி என்னைப் பார்த்தா.

"உங்கட நுரை மணமோ, அண்ணை?"

"புதுசு எல்லே, கொஞ்சம் மணக்கும். ரெண்டு நாளிலை போயிடும்," என்றேன்.

எனக்கு ஒரு கப் பால் தந்தார்கள். குடித்தேன். அது தொண்டையால் இறங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெட்கமாக இருந்தது, ஆனால் வாயைத் திறக்கிற அளவுக்கு வெட்கம் வரவில்லை.

அன்று பின்னேரம் மின்சாரம் வந்தது, ஹீற்றரைப் போட்டார்கள். வீடு சூடாகச் சூடாக மணம் கூடியது. சனிக்கிழமை யோகன் தொலைபேசியில் கேட்டார், யன்னலைத் திறந்துவிடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அனுஜாவுக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது. வாய்க்குள் மருந்துப் பம்பு அடித்தும் நிற்கவில்லை. திங்கட்கிழமை வைத்தியர், பிள்ளையை உடனே அந்த வீட்டில் இருந்து வெளியே கொண்டுபோகச் சொன்னார். பழைய வீட்டுத் திறப்பையோ வெள்ளிக்கிழமையே கொடுத்திருந்தார்கள். கடையில் கூட வேலை செய்கிற ஒருவர் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் பாய் விரித்துப் படுத்தார்கள். பூஞ்சணத்துக்குப் பயந்து வீடு வாங்கிய பிள்ளை, சொந்த வீட்டால் துரத்தப்பட்டுப் பிறத்தியார் வீட்டில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது.

செவ்வாய்க்கிழமை அர்மோன் என்னையும் ஏற்றிக்கொண்டு லா கூர்னெவ் போனார். அவர் மடியில் நான் எழுதிய படிவம். வழியில் ஒன்றும் கேட்கவில்லை. யோகன் கதவைத் திறந்துவிட்டுக் கீழே நின்றார். நாங்கள் இருவரும் மேலே ஏறினோம்.

அர்மோன் கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அழுத்தினார். மணந்தார். பிறகு வழக்கம்போல என்னிடம் நீட்டினார். இந்த முறை மணந்தேன்.

படிவத்தை விரித்து, "இருபது என்று இருக்கிறது," என்றார்.

"இருபத்துநாலு மணிநேரம் என்று தாளில் இருக்கிறது. அவர்கள் எட்டு மணிக்கு வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரரே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். கந்தோர் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். காத்திருக்காமல் வந்தார்கள், பழுது அவர்களுடையது என்று எழுதும்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படி எழுதினால் இந்த நுரை இங்கேயே இருக்கும்."

அவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்து காட்டினாரா, இல்லை நடக்கப்போவதைச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இருபது என்று நான் அடித்துச் சொன்னால் அதை இல்லை என்று சொல்லச் சிவம் ஒருவன்தான் இருந்தான், அவன் சொல்லமாட்டான். துப்பாக்கி என் கையில் இருக்கும். ஐம்பதைத் தாண்டிய வயதில் திரும்பவும் குழாய் இழுக்கவேண்டியதில்லை. கீழே யோகன் யாருடனோ தொலைபேசியில் கதைப்பது கேட்டது. "இப்ப எப்பிடி இழுக்குது? பம்பு அடிச்சனியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பீப்பாய் எத்தனை பாகை?" என்றார் அர்மோன்.

"ஒன்பது."

"ஆ பூ ப்ரே?"

பதினைந்து வருடத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"இல்லை. ஒன்பது. இரண்டு தடவை அளந்தேன்."

அவர் பென்சிலை நீட்டினார். இருபதை அழிக்கவேண்டாம், பக்கத்தில் எழுது என்றார். முழங்காலில் வைத்து 9 என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். "இப்போது கீழே போய் அவரிடம் சொல். உங்கள் மொழியில், நீயே," என்றார்.

சொன்னேன். கமியோனை இங்கே விட்டதையும், குளிர்ந்ததையும், நான் பார்த்ததையும், பார்த்தும் அடித்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். யோகன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கட ஆள் எண்டுதானே அண்ணை உங்களை…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். இந்த முறை அந்த வசனத்தை நான் முடித்துவைக்கவில்லை.

வசந்தி பின்னேரம் வந்தா. அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வெள்ளிக்கிழமை மணந்தபோதே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பாலையும் குடிச்சனீங்கள், என்ன?"

"ஓம்," என்றேன். வேறு சொல்ல என்ன இருக்கிறது?

நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க ஒத்துக்கொண்டது. எடுப்பது என்றால் கையால்தான். வாளால் அறுத்து, உளியால் சுரண்டி, பைகளில் கட்டி இறக்கவேண்டும். கூரை தாழ்வு, முழங்காலில்தான் நிற்கலாம். கீழே பழைய சாந்து உட்கூரை, கொஞ்சம் அழுத்தினால் பிள்ளையின் அறைக்குள் விழுவோம். பத்து நாள் ஆனது. சிவத்தை வரச்சொல்லி நான் கேட்கவில்லை. அவன் முதல்நாளே வாளோடு வந்து நின்றான். என் முழங்கால் வருத்தம் அங்கே தொடங்கியதுதான். கடைசி நாள் அர்மோன் வந்து, சட்டங்களுக்கு நடுவே படுத்து, ஒவ்வொரு மூலையாக மணந்து பார்த்தார். துப்பாக்கி ஒரு வருடத்துக்கு என் கைக்கு வரவில்லை. குழாய் இழுத்தேன். அது நியாயமான தண்டனை என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

திரும்ப அடிக்க நாள் குறிக்கும்போது யோகனும் வசந்தியும் வீட்டு வாசலில் நின்றார்கள். அர்மோன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். புதன்கிழமை அடிப்போம். இந்தமுறை இரண்டு நாள் முழுசாக வீடு திறந்து கிடக்கவேண்டும். சனிக்கிழமைக்கு முன் ஒரு காலும் உள்ளே வைக்கக்கூடாது. இவ்வளவையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அப்ப ஐயரை ஒருக்காக் கேட்பம்," என்று வசந்தி தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கப் போட்டா. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னா. மறுபக்கம் பஞ்சாங்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சனி வேண்டாம் பிள்ளை. ஞாயிறு காலமை ஒன்பதே காலுக்கு வையுங்கோ, நல்லாயிருக்கு," என்றார் ஐயர். பிறகு, "அண்டைக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் பின்னேரம் ஒரு நேரம் பாத்துத் தந்திருப்பனே. தையிலை நேரத்துக்கோ பஞ்சம்?" என்றார்.

தொலைபேசி அணைந்தது. வசந்தி நிலத்தைப் பார்த்தபடி நின்றா. அவவும் அன்றைக்கு ஐயரைக் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் பிள்ளைக்கு அந்த மூன்று வாரம் இல்லை. அர்மோன் பிரெஞ்சில், "என்ன சொன்னார்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே கால் என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை அர்மோனே துப்பாக்கியைப் பிடித்தார். அட்டைத்துண்டை எல்லோரும் மணந்தோம். படிவத்தில் இருபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. போனபோது எல்லோரும் வெளியே, கேற்றுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பானை, அடுப்பு, குத்துவிளக்கு எல்லாம் ஒரு பெட்டிக்குள் இருந்தன. அனுஜா கம்பளித் தொப்பியும் கழுத்துத்துணியுமாகத் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தது. குளிருது, ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டது.

"முதல்லை நீங்கள் போய் மணந்துபோட்டு வாங்கோ, அண்ணை," என்றா வசந்தி.

போனேன். குசினி, கூடம், மேலே இரண்டு அறை. பிள்ளையின் அறையில் உட்கூரைக்கு நேர்கீழே நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். புதுப் பெயின்ற் மணந்தது. வேறொன்றும் இல்லை. திரும்பவும் இழுத்தேன். இல்லை. கீழே வந்து, "ஒண்டும் மணக்கேல்லை," என்றேன்.

வசந்தி தலையாட்டினா. ஆனால் பெட்டியைத் தூக்கவில்லை. பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, என்னைத் தாண்டித் தனியாக உள்ளே போனா. ஒவ்வொரு அறைக் கதவும் திறபடுகிற சத்தம் வெளியே கேட்டது. நாங்கள் குளிரில் நின்றோம். ஒன்பது பத்து ஆகிவிட்டது. அவ அவசரப்படவில்லை. கடைசியில் மேல் அறை யன்னல் திறந்தது. அங்கே நின்று பிள்ளையை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டா.